மூன்று முறை இழுத்தால்...

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, மல்லிகை வாசனை என்று எதிர்பார்த்துப் போர்வையை இழுத்துக்கொள்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. உச்சி வெயிலில், நான்கு பேர் கண்ணெதிரில். அந்த நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவில்லை. இங்கே கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது உண்டு.

அவனை எல்லோரும் உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண உயரம், சாதாரண உடம்பு. கை மட்டும் வேறு யாருக்கோ செய்து வைத்ததை அவசரத்தில் இவனுக்கு மாட்டிவிட்டது போலிருக்கும். கயிற்றைப் பிடித்தால் பிடித்ததுதான். பழைய கோட்டை, பாழுங்கிணறு, நிலவறை என்று பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பழுதுபார்க்கும் குழுவில் அவன் கயிற்றுக்காரன். ஆட்களை உள்ளே இறக்குவதும் மேலே தூக்குவதும் அவன் வேலை. அவன் பிடித்த கயிற்றிலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை.

இறங்குகிறவன் பெயர் கொசு. உடும்பின் மனைவிக்குத் தம்பி. குடையை மடக்கி நிறுத்தியது போல ஒல்லி. எந்தப் பொந்துக்குள்ளும் நுழைவான், எந்தப் பேச்சுக்குள்ளும் நுழைவான். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். அவள் அவனைத் தம்பி என்று சொல்லமாட்டாள். “என் மூத்த பிள்ளை” என்பாள்.

இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று அவள் வாசலில் வழிமறித்தாள்.

“என்னங்க, அவன் உள்ள இருக்கும்போது நீங்க கயிறை விட்டுட்டுக் கொட்டாவி விட்டாக்கூட எனக்கு இங்க தெரிஞ்சுடும்.”

“கொட்டாவிக்குக் கை எதுக்குடி?”

“வாயைப் பொத்த. நீங்க பொத்தமாட்டீங்க, இருந்தாலும் சொல்றேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அவனை முழுசாக் கொண்டாந்து சேர்த்துடுங்க. அது போதும் எனக்கு.”

“அக்கா, நான் என்ன கண்ணாடிச் சாமானா?” என்றான் கொசு, உள்ளேயிருந்து.

“கண்ணாடிச் சாமானா இருந்தா வேற வாங்கிக்கலாமேடா.”

ஊருக்கு வெளியே, முள்வேலிக்குள் நின்றது அந்தக் கல் கூடம். வாசலில் துறையின் பலகை: பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் சிறை. அந்தப் பலகையின் மேலேயே ஒரு காதல் ஜோடி ஆணியால் பெயர் கீறியிருந்தது.

நூறு வருடத்துக்கு முன்னால் கூடத்தின் சுவர்கள் உள்பக்கமாகச் சாயத் தொடங்கினவாம். அன்றைய அதிகாரிகளுக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்றுதான். கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியாக மணலைக் கொட்டி, கூடம் முழுக்க நிரப்பி, வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பானைக்குள் அரிசி போல. சுவர் நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

இப்போது அதே மணல் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ள ஆரம்பித்துவிட்டது. எடுத்தாக வேண்டும். வாசலைத் திறந்தால் மணல் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து கூரை உட்கார்ந்துவிடும். இயந்திரம் வைத்தால் அதிர்வைச் சுவர் தாங்காது. ஆகவே வந்த வழியே போக வேண்டும். கூரைத் துளை வழியாக ஒரு ஆள் இறங்கி, கூடை கூடையாக அள்ளி மேலே அனுப்பி, மிச்சத்தைப் பலகையால் நிரவிவிட்டு வரவேண்டும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று விட்டால் சுவருக்கு ஆபத்து. ஒரு சாண் இறங்க இறங்க, குறுக்கே இரும்புக் குழாய் முட்டு.

துளையின் மேல் முக்காலி போட்டு இரண்டு கப்பிகள். ஒன்றில் கூடைக் கயிறு, அதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். மற்றதில் உயிர்க் கயிறு. ஆரஞ்சு நிறம். அதன் நுனியில் இடுப்புப் பெல்ட். அது உடும்பின் கையில்.

உள்ளே கத்தினால் சத்தம் சுவரில் சுற்றிச் சுற்றிக் கூழாகிவிடும். எனவே பேச்செல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் தூக்கு.

கீழிருந்து எத்தனை இழுப்பு வருகிறதோ, மேலிருந்து உடனே அத்தனை இழுப்பு போக வேண்டும். பதில் வராவிட்டால் உள்ளே இருப்பவன் கதிகலங்கிப் போவான். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. உடும்பின் கை அதை யோசித்துச் செய்வதில்லை. இமை கொட்டுவது மாதிரி. கயிறு இழுபட்டால் கை இழுக்கும்.

அந்தப் பழக்கம்தான் வினையாகிப் போனது.

பாதிக்கு மேல் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேலை. மணல் கூரையிலிருந்து இரண்டு ஆள் உயரம் இறங்கியிருந்தது. அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொசு மேலே வந்தான். பெல்ட்டைக் கழற்றினான். ஆள் மேலே வந்தால் கயிறும் மேலே வர வேண்டும் என்பது முறை.

“மறுபடி இறங்கத்தானே போறேன். கிடக்கட்டும் மாமா” என்று பெல்ட்டைத் துளைக்குள்ளேயே போட்டுவிட்டான்.

உடும்பும் ஒன்றும் சொல்லவில்லை. பசி.

கூரைமேல் தார்ப்பாய் நிழலில் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். மேஸ்திரி பீடிக்காக வேலிக்கு வெளியே போயிருந்தார். வெயில் கல்லில் பட்டுக் கொதித்தது. காற்று இல்லை. உடும்பின் வலது கை சாப்பாட்டில். இடது கை வழக்கம்போலக் கயிற்றின் மேல்.

மணி பன்னிரண்டு நாற்பது.

கயிறு இழுபட்டது. ஒரு முறை.

இடது கை பதிலுக்கு இழுத்தது. ஒரு முறை.

கொசு வாயில் சோற்றோடு அவனைப் பார்த்தான்.

“யாருக்கு மாமா பதில் சொல்றீங்க?”

உடும்பு தன் கையைப் பார்த்தான். யாருடைய கையோ போலப் பார்த்தான். எதிரில் கொசு. மேஸ்திரி கீழே வேலிக்கு வெளியே புகை விடுவது தெரிகிறது. உள்ளே யாரும் இல்லை. இருக்க வழியும் இல்லை.

கயிறு மறுபடி இழுபட்டது. ஒன்று.

இந்தத் தடவை அவன் பதில் சொல்லவில்லை. கயிறு அசையாமல் நின்றது. காத்திருப்பது போல. பிறகு இன்னும் ஒன்று. முதலில் வந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. காதில் விழுந்ததா என்று சந்தேகப்பட்டு மறுபடி கதவைத் தட்டுகிறவன் மாதிரி.

“காத்தா இருக்கும் மாமா.”

“எங்கடா காத்து?”

டார்ச்சை அடித்துக் குனிந்தார்கள்.

கொசு சாப்பிட வரும்போது உள்ளே ஒரு பக்கம் குவியலும், பாதிக் கூடையும், நூறு கால் தடமும் விட்டுவிட்டு வந்திருந்தான். பாதிக் கூடை அப்படியே இருந்தது. குவியல் இல்லை. தடம் ஒன்றுகூட இல்லை. மணல், தட்டில் ஊற்றிய தண்ணீர் போலச் சமமாகக் கிடந்தது. நடுவில் பெல்ட்.

மேலே இழுத்தார்கள். கொசு கழற்றிப் போட்ட பெல்ட் இப்போது மாட்டியிருந்தது. பக்கிள் கடைசித் துளையில். கொசு அதைத் தன் தொடையில் நுழைக்கப் பார்த்தான். ஏறவில்லை.

“மாமா... நம்மளைவிட ஒல்லியா ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்துட்டான் போல.”

அவன் நகைச்சுவைக்கு அவனே சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

துறையின் இன்ஜினியர் அம்மாவை வரவழைத்தார்கள். நாற்பது வயது, வெயிலில் கறுத்த முகம், இந்தக் கூடத்தை விழாமல் காப்பாற்ற மூன்று வருடமாக மேலிடத்தோடு மல்லுக்கட்டியவர். ஏணி ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

“மணல் தானா சரிஞ்சு மட்டமாயிருக்கும்.”

“தானா சரிஞ்சா இப்படி ஆகுமாம்மா?” என்றான் உடும்பு.

அவர் மறுபடி துளைக்குள் எட்டிப் பார்த்தார். “ஆகாதுதான். ஒரு துளை வழியாக் கொட்டினா மணல் கூம்பாத்தான் நிக்கும். அந்தக் காலத்துலகூட உள்ள ஒரு ஆளை விட்டு நிரவிக்கிட்டேதான் நிரப்பியிருக்கணும். மணல் ஏற ஏற அவனும் ஏறி, கடைசியில இந்தத் துளை வழியா வெளிய வந்திருப்பான்.” தலையை உதறிக்கொண்டார். “அது கிடக்கட்டும். பெல்ட்டை நீங்களே பழக்கத்துல மாட்டிப் போட்டிருப்பீங்க.”

“நாளைக்குப் பார்த்துக்கலாம்மா.”

“இன்னும் ஒரு சாண் இறங்கினாத்தான் அடுத்த முட்டு கொடுக்க முடியும். கொடுக்காம ராத்திரி விட்டா கிழக்குச் சுவர் காலையில இருக்காது. உங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்தலை.”

கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லும்போது அவர் கிழக்குச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இறங்குறேன்” என்றான் கொசு. “பேய்க்குப் பயந்து வேலையை விட்டான்னு அக்கா காதுல விழுந்தா, அது பேயைவிட மோசம்.”

உடும்பு பெல்ட்டைத் தன் கையால் மாட்டினான். பக்கிளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்த்தான்.

“மாப்ள, ஏதாவது ஒரு மாதிரி இருந்தா...”

“மூணு. தெரியும் மாமா. விடுங்க, கூச்சமா இருக்கு.”

இரண்டு மணிக்கு இறங்கினான்.

இன்ஜினியர் அம்மா குழாய்களைப் பார்க்கக் கீழே போனார். மேஸ்திரி கூடைக் கயிற்றுக்கு வந்தார். கீழிருந்து ஒன்று. மேலிருந்து ஒன்று. நலம். முதல் கூடை வந்தது. இரண்டாவது வந்தது.

மேஸ்திரி மூன்றாவது கூடையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னப்பா, உன் மாப்ளைக்குத் திடீர்னு தொழில் சுத்தம் வந்துடுச்சு?”

கூடையின் விளிம்பு வரை மணல். மேலே பலகை வைத்து இழுத்தது போல் மட்டம். ஒரு மணல்துகள் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. கொசு கூடை நிரப்பினால் பாதி வழியிலேயே மணல் சிந்தி மேஸ்திரி தலையில் கொட்டும். அதற்காகவே தினமும் திட்டு வாங்குவான்.

அடுத்த கூடையும் அதே மட்டம். அதற்கடுத்ததும்.

வேகமும் கூடியது. காலிக் கூடை கீழே தொட்டதும் நிறைந்து வந்தது. மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“உடும்பு... ஒரு ஆள் இவ்வளவு வேகமா அள்ள முடியுமாப்பா?”

உடும்பு ஏற்கனவே குனிந்திருந்தான். துளையின் ஓரம் காதை வைத்திருந்தான்.

சர்ர்ர்... சர்ர்ர்...

நிரவுகிற சத்தம். ஆனால் கொசுவிடம் இருப்பது அலுமினியப் பலகை. அது மணலில் கீச்சிடும். இது மரம். கனமான, பழைய மரம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

கூடை நிறையும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அள்ளுவது ஒரு கை. நிரவுவது இன்னொரு கை.

உடும்பு கயிற்றை ஒரு முறை இழுத்தான். நலமா?

ஒன்று வந்தது.

கொஞ்சம் பொறுத்து...

இன்னொன்று வந்தது.

இரண்டு இழுப்பு இல்லை அது. இரண்டு இழுப்பின் தாளம் அவனுக்குத் தெரியாதா? இது ஒன்று. பிறகு வேறொரு ஒன்று. இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவர், நலம் என்று சொன்னது போல.



போதும். சுவர் விழுந்தால் விழட்டும். அவனே மூன்று இழுத்தான். வா மேலே.

பதில் உடனே வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

இழுத்தான்.

கப்பி சுழன்றது. கிரீச்... கிரீச்...

நான்கு பிடி இழுத்ததும் அவனுக்கு உறைத்துவிட்டது.

கனம் போதாது.

கொசுவின் கனம் அந்தக் கைக்கு மனப்பாடம். அவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பதைக்கூடக் கயிற்றை வைத்துச் சொல்வான். இது கொசு இல்லை. கொசுவில் பாதிகூட இல்லை. உலர்ந்த விறகுக் கட்டு மாதிரி...

கை தானாக இழுத்துக்கொண்டே இருந்தது.

அப்போது கீழே, வெகு கீழே, கூழாகிப் போன ஒரு குரல்.

“மாமா...!”

மேஸ்திரி கூடைக் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

“மாமா... நான் இங்க இருக்கேன்... நீங்க யாரை இழுக்கறீங்க?”

துளைக்குள் வெயில் விழும் வட்டத்தில் ஒரு தலை வந்தது.

தலைக்கவசம் இல்லை. முடி முழுக்க மணல். குனிந்தே இருந்தது. இரண்டு கைகளும் கயிற்றைப் பிடித்திருந்தன. விரல்கள்... விரல் நுனிகள் தேய்ந்து போயிருந்தன. பல காலம் எதையோ தேய்த்த கை.

அது மெல்ல முகத்தை உயர்த்தத் தொடங்கியது.

உடும்பு கையைத் திறந்தான்.

வாழ்நாளில் முதல் முறை.

கயிறு ஓடியது.

விழுந்த சத்தம் இல்லை. கத்தலும் இல்லை. விழுகிறவன் கத்துவான். இது கத்தவில்லை. ஏற்கனவே ஒரு தடவை இப்படி விடப்பட்டது போல...

“கூடையை விடுங்க! மேஸ்திரி! கூடையை விடுங்க!”

இருவரும் கூடைக் கயிற்றை இறக்கினார்கள். கயிறு தொட்டது. பிடி விழுந்தது. மூன்று இழுப்பு வரும் வரை காத்திருக்க அவனுக்குத் தைரியம் இல்லை. இழுத்தான்.

வரவில்லை.

மணல் விடவில்லை. இடுப்புக்கு மேல் புதைந்த ஆளை இழுக்கிற கனம். மேஸ்திரி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். கப்பி அலறியது. உள்ளங்கைத் தோல் கிழிந்தது. கொஞ்சம் வந்தது. நின்றது. கொஞ்சம் வந்தது...

பிறகு சட்டென்று அந்தக் கனம். தெரிந்த கனம். பிள்ளையைத் தூக்குவது போன்ற அந்தக் கனம்.

உடும்பு அப்போதுதான் அழுதான். அழுதுகொண்டே இழுத்தான்.

கொசு கூடையைக் கட்டிப் பிடித்தபடி வெளியே வந்தான். கண்ணில், மூக்கில், பல்லிடுக்கில் எல்லாம் மணல். கல்லில் உருண்டு இருமினான். உயிர் இருந்தது. முழுசாக இருந்தான்.

இடுப்பில் பெல்ட் இல்லை.

மணி இரண்டு ஐம்பது.

சத்தம் கேட்டு இன்ஜினியர் அம்மா ஏணியில் ஏறி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆரஞ்சுக் கயிறு. அதன் மேல்முனை முக்காலியில் முடிச்சுப் போட்டிருந்ததால் முழுக்க உள்ளே விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அது இழுபட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

உடும்பின் கை கயிற்றை நோக்கிப் போனது. கொசு அந்தக் கையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவசரம் இல்லை. கோபம் இல்லை. முறைப்படி, இடைவெளி விட்டு, பதிலுக்குக் காத்திருந்து...

ஒன்று. இரண்டு. மூன்று.

“இது... சரிவா இருக்கும்” என்றார் இன்ஜினியர் அம்மா. அவர் குரலை அவரே நம்பவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

மேஸ்திரிதான் சாமான் மூட்டையிலிருந்து அரிவாளை எடுத்தார். ஒரே வெட்டு.

அறுந்த கயிறு துளைக்குள் விழவில்லை. உள்ளே இழுக்கப்பட்டது. சர்ர்ர்ரென்று, கடைசி முழம் வரை.

துளையைப் பலகை போட்டு மூடினார்கள். கிழக்குச் சுவருக்கு வெளியிலிருந்து மண் மூட்டை அடுக்கினார்கள். 

வீட்டில் அவள் தம்பியின் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். எவ்வளவு ஊற்றினாலும் காதுக்குள்ளிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது. கணவனின் கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

“முழுசாக் கொண்டாந்துட்டீங்க” என்றாள். அவ்வளவுதான்.

கொசு பேச்சைக் குறைத்துக்கொண்டான். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் யார் கேட்டாலும் எழுந்து போய்விடுவான். கயிற்று வேலையை விட்டு லாரி ஓட்டப் போனான். உடும்பும் அந்தக் கூடத்துப் பக்கம் போகவில்லை. கூரைக்கு வெளியிலிருந்தே இரும்புச் சட்டம் கொடுத்து, வாசலை ஒட்டி ஒரு தாங்குக்கூடு கட்டி, வேறு ஒரு குழு மணலைப் பக்கவாட்டில் எடுக்க ஆரம்பித்தது. அதற்கே ஒன்றரை வருடம் பிடித்தது.

முடிகிற சமயத்தில் இன்ஜினியர் அம்மா ஆள் அனுப்பினார். “ரெண்டு பேரும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க. நான் ஒருத்தியாப் பார்த்துட்டுத் தாங்க முடியலை.”

பட்டப்பகல்தான். வாசல் திறந்திருந்தது. மணலைப் பாதிவரை வெட்டி எடுத்திருந்தார்கள். மீதிப் பாதி, அன்று கொசு விட்டுவந்த மட்டம் வரை, அறுத்த ரொட்டியின் ஓரம் போல நேராக நின்றது. அடுக்கு அடுக்காகக் கோடுகள் தெரிந்தன.

அடியில், தரைமேல், ஒரு எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. சின்ன உருவம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை மேலே தூக்கி. இடுப்பில் மக்கிப் போன சணல் கயிறு. கயிற்றின் மறுமுனை அறுந்திருக்கவில்லை. முழுக் கயிறும் சுருண்டு அதன் மடியில் விழுந்து கிடந்தது.

“மேல இருந்தவன் கயிறை விட்டிருக்கான்” என்றார் இன்ஜினியர் அம்மா. “இவனைத் தூக்காமலே மணலைக் கொட்டியிருக்காங்க. பாருங்க, இவன் மேல மட்டும் மணல் கூம்பாக் கிடக்கு. யாரும் நிரவலை. முதல் நாளே செத்துட்டான்.”

உடும்பு உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

“அதுக்கப்புறம் பயந்துபோய் வேற யாரையும் உள்ள விட்டிருக்கமாட்டாங்க. விட்டிருந்தா இவனை எடுத்திருப்பாங்களே.” அவர் சுவர் போல நின்ற மணலைக் காட்டினார். கூம்புக்கு மேலே தொடங்கி, மேல்மட்டம் வரைக்கும், ஒவ்வொரு அடுக்கும் பலகை வைத்து இழுத்தது போல் மட்டம். நூற்றுக்கணக்கான கோடுகள். ஒன்றுகூடக் கோணவில்லை.

“இதையெல்லாம் நிரவினது யாரு?”



சலித்த மணல் வெளியே மலையாகக் கிடந்தது. அதில் ஆரஞ்சுக் கயிறும் கிடைக்கவில்லை, பெல்ட்டும் கிடைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். உடும்பு திரும்பி நடந்தான். கொசு வாசலிலேயே நின்றான்.

“மாமா.”

ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அதைப் பற்றிப் பேசினான்.

“அவன் என்னைத் தள்ளலை. அடிக்கலை. பின்னாலேர்ந்து தோள்ல தட்டினான். முறை முடிஞ்சா அடுத்த ஆளைத் தட்டுவோமே... அப்படி.”

“விடு மாப்ள. வா போலாம்.”

“பலகையை நீட்டினான் மாமா. மரப் பலகை. இனி நீ பாருங்கிற மாதிரி. கொடுத்துட்டு அப்புறம்தான் என் பெல்ட்டைக் கழட்டினான்.”

உடும்பு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெயிலில் நின்றபடியே கேட்டான்.

“நீ வாங்கினியா?”

கொசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வேலை செய்யற ஆள் கையில சாமானை நீட்டினா... வாங்கிட்டேன் மாமா.”